சரஸ்வதி பூஜையில் ஒரு துப்பாக்கி

நான் உங்களுக்கு விட்டுப் போகிற நாற்காலியின் இடது கால் ஆடும். அதைச் சரிசெய்யச் சொல்லி ஏழு வருடமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே சாய்ந்து உட்காராதீர்கள். வேலை சம்பந்தமான மற்றதெல்லாம் கோப்புகளில் இருக்கிறது. எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எது எந்தப் பெட்டிக்குப் போகும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். கோப்பில் இல்லாத ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒன்றும் ஓய்வு பெற்றுப் போகவில்லை. வயது முப்பதுதான். அடுத்த மாதம் ஈப்போவுக்கு மாற்றல், அவ்வளவே. ஆனாலும் இந்தப் போலீஸ் நிலையத்தில், நம் பாலாயில், துப்பாக்கி லைசென்ஸ் கவுண்டரில் ஏழு வருடம் உட்கார்ந்தவளுக்குக் கொஞ்சம் பெரிய மனுஷி மாதிரி பேச உரிமை உண்டு. வரப்போகும் நீங்கள் மூன்று பேரும் நம் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை முடித்த முதல் ஆள் நான். அப்பா நகராண்மைக் கழகத்தில் கால்வாய் சுத்தம் செய்தார். அம்மா கைநாட்டு. சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டு வரிசையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அது என்னிடம்தான் வரும். வேலை கிடைத்த அன்று அப்பா என் நியமனக் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். இதையெல்லாம் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். அந்தப் பெருமை ஒரு நாள் என்ன செய்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கவுண்டருக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பழகுங்கள். பக்கத்து வீட்டுச் சேவல் விடியுமுன் கூவுகிறது, ஆகவே துப்பாக்கி வேண்டும் என்று மூன்று பக்க விண்ணப்பம் கொடுத்தவர் உண்டு. சனி ஞாயிறு மட்டும் மைத்துனருக்கு இரவல் கொடுக்கலாமா என்று சைக்கிளைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டவர் உண்டு. ஒருவர் துப்பாக்கியைப் பாயில் சுருட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். பாய்க்கு இடம் கொடுத்துவிட்டுத் தாம் நின்றுகொண்டே வந்தாராம். எல்லோருக்கும் ஒரே பதில்தான். லைசென்ஸில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையில்தான் துப்பாக்கி இருக்கவேண்டும். மனைவியோ தம்பியோ மாமனோ தொடக்கூடாது. எந்த வேலைக்கு, எந்த இடத்துக்கு என்று வாங்கினார்களோ அதற்கு மட்டும்தான். தோட்டா எத்தனை என்பதற்கும் கணக்கு உண்டு. மீறினால் சிறை, அதுவும் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வருகிற சிறை இல்லை.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எல்லா வேட்டைத் துப்பாக்கிகளின் எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். குறித்த நாளில் காட்டாத துப்பாக்கி பறிமுதல், லைசென்ஸ் ரத்து. எந்த வட்டாரத்தாரை எந்த நாளில் கூப்பிடுவது என்று பிரித்துக் கடிதம் போடும் வேலை எனக்கு வந்தது.

எங்கள் இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிறவர். பட்டியலைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆயர் ஈத்தாம் மலைக்காரர்களுக்கு இந்த நாள் போட்டிருக்கிறாயே, அன்று யாருக்கும் பெருநாள் இல்லையே?"

சுவரில் அரசாங்க நாள்காட்டி தொங்கியது. அன்றைய தேதியில் சிவப்பு இல்லை. "இல்லை துவான், சாதாரண நாள்தான்" என்றேன். அரை விநாடியில் பதில்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாள்காட்டி இருந்தது. மளிகைக் கடையில் கொடுத்தது, திதி நட்சத்திரமெல்லாம் போட்டது. எண்ணெய்ப் பிசுக்கேறி அடுப்படியில் தொங்கும். படித்தவள் பார்க்கிற நாள்காட்டி அது இல்லை என்று எனக்கு எண்ணம்.

அந்த நாளும் வந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பினேன். அம்மா என் கைப்பையைத் திறந்து இரண்டு பேனாவையும் எடுத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டாள்.

"அம்மா, வேலைக்குப் போகணும்."

"போ. எழுதாம போ. இன்னைக்குச் சரஸ்வதி பூஜை."

பஸ்ஸில் பாதி வழி போனபிறகுதான் எனக்கு உறைத்தது. பூஜை என்றால் வீட்டில் பிழைப்புக்கான கருவியெல்லாம் சாமி முன்னால் இருக்கும். மறுநாள் விஜயதசமி காலையில் பூஜை செய்துதான் எடுப்பார்கள், நடுவில் தொடமாட்டார்கள். மலைக்காரர்கள் பதினொரு பேரில் நம் ஆள் ஒருவர் உண்டு.

அவர் பெயர் வேலு. மலைச்சரிவில் ஜாதிக்காயும் டுரியானும் மரவள்ளியும் போட்டிருந்தார். காட்டுப்பன்றிக்காக ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி. மதியத்துக்குள் பத்துப் பேர் வந்து காட்டிவிட்டுப் போனார்கள். வேலு வரவில்லை. மலையடிவாரத்துக் கடைக்குப் போன் போட்டு ஆள் அனுப்பச் சொன்னேன். இரண்டு மணிக்கு அவரே பேசினார்.

"பிள்ளை, மன்னிச்சுக்கோ லா. துப்பாக்கி பூஜையில இருக்கு."

"எடுத்துக்கிட்டு வந்துடுங்கண்ணே."

"நான் எப்படி எடுக்கறது? உங்க அக்காவைத்தான் கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"கேட்டேன். அதான் வீட்டுல நிக்க முடியாம கடையில நிக்கிறேன்."

"எங்க கடிதத்தைப் பார்க்கலையா?"

"வந்த அன்னிக்குப் பார்த்தேன். அப்புறம் நாள் மறந்துபோச்சு. கடிதம், லைசென்ஸ், தோட்டாப் புத்தகம் எல்லாத்தையும் நேத்து சாயங்காலமே பூஜையில வெச்சுட்டா. தொட்டா கையை ஒடிச்சுடுவா."

இன்ஸ்பெக்டரிடம் போனேன். துப்பாக்கி எங்கே என்றார். சாமி முன்னால் என்றேன். வெளியே வருமா என்றார். நாளைக் காலையில் வரும் என்றேன். அவர் குரல் தாழ ஆரம்பித்தது.

"நான்கேகாலுக்குப் பட்டியல் மேலே போகவேண்டும். அதில் எண் இல்லாத துப்பாக்கியை நான் பறிமுதல் செய்தாக வேண்டும். உத்தரவு என்னுடையது இல்லை."

நாளைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என் படிப்பைக் காட்டினேன். "துவான், கடிதத்தில் அதிகாரியிடம் காட்டவேண்டும் என்றுதான் இருக்கிறது. எங்கே வைத்துக் காட்டவேண்டும் என்று இல்லை."

அவர் என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கோப்ரலைக் கூட்டிக்கொண்டு போ. நான்கு மணிக்குள் எண்ணோடு வா."

கோப்ரல் ஒரு பஞ்சாபி. ஆறடி உயரம், அதற்கு மேல் தலைப்பாகை. நம் சந்துகளில் வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். லேண்ட்ரோவரில் மலையேறும்போது, "கவலைப்படாதே தங்கச்சி, எங்க ஆளுங்களும் ஆயுதத்தைக் கும்பிடுறவங்கதான். நான் பேசிக்கறேன்" என்றார்.

வழியில் கடையில் நின்ற வேலுவையும் ஏற்றிக்கொண்டு, மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தோம். முன்கூடத்தில் சரஸ்வதி படம், குத்துவிளக்கு, பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள், தையல் மெஷின், மண்வெட்டி, பாராங் கத்தி. எல்லாவற்றுக்கும் முன்னால், சிவப்புத் துணிமேல் படுத்தவாக்கில் துப்பாக்கி. செவ்வந்தி மாலை போட்டு, குழல் நுனியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து, மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு அலங்காரம் இருக்காது. வேலுவின் மனைவி பரிமளக்கா அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கோப்ரல் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து கைகூப்பினார். "அக்கா, லைசென்ஸ் அண்ணன் பேருல இருக்கு. இப்ப துப்பாக்கி யார்கிட்ட இருக்கு?"

"சரஸ்வதி அம்மாகிட்ட."

"அம்மாவுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"உங்க துவானுக்கு வேணும்னா அவங்கதான் கொடுப்பாங்க."

கோப்ரல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசிக்கொள்வதாகச் சொன்னவர் அத்தோடு பேசி முடித்துவிட்டார்.

"அக்கா, ஒரு நிமிஷம் எடுத்து நம்பரைப் பார்த்துட்டு வெச்சுடலாம்" என்றேன்.

"மூணு வருஷத்துக்கு முந்தி இந்த மனுஷன் ஒரு நிமிஷம்னு சொல்லித்தான் பாராங்கை எடுத்தார். அந்த வாரமே பன்றி வந்து மரவள்ளியெல்லாம் தோண்டிப் போட்டுருச்சு. பன்றியைச் சுடற துப்பாக்கியையே எடுத்தா என்ன ஆகும்? நீயே சொல்லு, நீ படிச்ச பிள்ளை."

படித்ததை வைத்துக் கணக்குப் போட்டேன். சட்டப்படி வேலுவைத் தவிர யாரும் தொடக்கூடாது. பூஜைப்படி வேலுவும் தொடக்கூடாது. உலகத்தில் அந்தத் துப்பாக்கியைத் தொட உரிமையுள்ள கை ஒன்றுகூட அப்போது இல்லை.

"தொடாமப் பார்த்தா?" என்றார் கோப்ரல்.

பரிமளக்கா யோசித்தாள். "பார்க்கலாம். பார்க்கிறதுக்குத்தானே வெச்சிருக்கு."

எண் துப்பாக்கியின் அடிப்பக்கத்து இரும்பில் பொறித்திருக்கும். கோப்ரல் கூடத்தில் குப்புறப் படுத்து, கையில் டார்ச்சோடு, தலைப்பாகை தரையில் உரசாமல் கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தார். நான் அவருடைய பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சுண்டல் கிண்ணத்தோடு வாசல்படியில் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏன்க்கா, பஞ்சாபி பாய் என்ன வேண்டுதல்? விழுந்து கும்பிடறார்?"

"போலீஸ் பூஜை" என்றாள் பரிமளக்கா. "பேசாம சுண்டல் சாப்பிடு."

தரையிலிருந்து குரல் வந்தது. "ஏழு... மூணு... ஒண்ணு... அப்புறம் பொட்டு."

"பொட்டா?"

"கடைசி ரெண்டு நம்பர் மேல பொட்டு வெச்சிருக்கு."

"பொட்டுன்னு எழுதிட்டுப் போக முடியாதுங்க கோப்ரல்."

"அக்கா, பொட்டை மட்டும் துடைச்சுக்கலாமா?"

"உங்க வீட்டுல சுமங்கலி நெத்தியில பொட்டைத் துடைப்பீங்களா?"

பொட்டு காய்ந்தால் தானாக உதிரும் என்றார் வேலு. மேஜை விசிறியைப் போடலாம் என்றேன், விளக்கு அணைந்துவிடும் என்றாள் அக்கா. ஆகவே வேலு பனையோலை விசிறியால் விசிற, விளக்கில் காற்றுப் படாமல் நான் பித்தளைத் தட்டைப் பிடிக்க, கோப்ரல் தரையில் படுத்தபடி, "இன்னும் கொஞ்சம்... உதிருது... இல்ல, அது பூ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று இருபது ஆயிற்று. பொட்டு அசையவில்லை. அக்கா சந்தனத்தை அவ்வளவு பக்தியோடு குழைத்திருந்தாள்.

"சூடம் ஏத்திக் காட்டினா சூட்டுல காஞ்சு விழுமே" என்று வாசல்படியிலிருந்த ஒருத்தி யோசனை சொன்னாள். நல்ல யோசனை என்று எனக்கும் பட்டது. பரிமளக்கா தட்டில் சூடத்தை வைத்தாள். தீப்பெட்டியைத் தேடினாள்.

அப்போதுதான் கோப்ரல் தரையிலிருந்து தலையைத் தூக்காமல் மெல்லக் கேட்டார். "வேலு அண்ணே, உள்ள தோட்டா இல்லையே?"

விசிறி நின்றது.

"எடுத்திருப்பேன்" என்றார் வேலு.

அந்தச் சொல்லை நான் மறக்கவே மாட்டேன். "எடுத்தேன்" இல்லை, "எடுத்திருப்பேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை விடியப் பன்றிக்குப் போனேன். வரல. திரும்பி வந்து மூலையில சாய்ச்சு வெச்சேன். அப்புறம்... இவ பூஜைக்குக் கேட்டா, தூக்கி வெச்சேன்."

குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதுவரை நான் கவனிக்கவில்லை. அது வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசல்படியில் சுண்டலோடு இரண்டு பெண்கள்.

கோப்ரல் எழுந்திருக்கவில்லை. படுத்தவாக்கிலேயே பின்பக்கமாக ஊர்ந்து ஒதுங்கினார். நான் அந்தப் பெண்கள் இருவரையும் எழுப்பிப் பக்கச் சந்து வழியாக அடுப்படிக்கு அனுப்பினேன். ஒருத்தி கிண்ணத்தை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். நான் அவளிடம் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

பிறகு பரிமளக்கா முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, நம்பர் வேணாம். லைசென்ஸ் போனாலும் போகட்டும், என் வேலை போனாலும் போகட்டும். இதை இப்பவே திறந்து பார்க்கணும். இல்லன்னா நாளைக் காலை வரைக்கும் நீங்களும் பிள்ளைங்களும் இது முன்னாடிதான் நடமாடணும். இன்னொரு விஷயம். இந்த நாளை உங்களுக்குப் போட்டது நான்தான். துவான் பெருநாள் இருக்கான்னு கேட்டாங்க, நான் இல்லைன்னுட்டேன். குத்தம் இருந்தா என் மேல வரட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். "நம்ம வீட்டுப் பிள்ளை, உனக்கு இன்னைக்குப் பூஜைன்னு தெரியாதா?"

"தெரியலக்கா."

அவள் சூடத் தட்டை எட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். ஏற்றவில்லை. சாமி படத்தின்முன் விழுந்து கும்பிட்டு, உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். எழுந்து கணவனைப் பார்த்தாள். "உங்க பேருலதானே இருக்கு. நீங்களே எடுங்க."

வேலு மாலையைக் கழற்றிவிட்டு, குழலைப் பின்பக்கச் சன்னல் வழியாக மலையைப் பார்க்கத் திருப்பி, மடித்துத் திறந்தார். உள்ளே சிவப்பாக ஒரு தோட்டா.

கோப்ரல் அதை உருவித் தம் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். பரிமளக்கா அந்த வாசல்படியைப் பார்த்துக்கொண்டே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். வேலு தம் வேட்டி நுனியால் பொட்டைத் துடைத்து எண்ணைக் காட்டினார். பதிவேட்டில் இருந்ததேதான். நாலு பேர் அரை மணி நேரமாக அந்த இரண்டு எண்களைப் பற்றியே பேசினோம்.

இறங்கும்போது கோப்ரல் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

"நம்பர் சரியா இருக்குன்னு மட்டும் எழுதிடு, போதும். தோட்டா ஆத்துல போயிடும். நல்ல மனுஷன் லா அவர்."

"அப்ப நான் நாள் தப்பாப் போட்டது?"

"யார் கேட்டா? உங்க துவானே கேக்கல."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வேலை நிரந்தரமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. சுங்கை பினாங் முழுக்க என் சம்பளத்தைப் பற்றித் தெரியும். ஆனால் வண்டி கடைத்தெருவுக்கு வருவதற்குள் ஒன்று புரிந்தது. தோட்டாவை மறைத்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் "எடுத்திருப்பேன்" என்பார். தோட்டாவை மட்டும் எழுதி என் தவறை விட்டால், வராமல்போன குற்றமும் அவர் தலையிலேயே விழும், லைசென்ஸ் ரத்தாகும். இரண்டையும் எழுதவேண்டும், அல்லது நான் அந்தக் கவுண்டரில் உட்காரக்கூடாது.

நான்கு மணிக்கு இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். துப்பாக்கியில் தோட்டா இருந்தது. உரிமையாளர் கவுண்டருக்கு வராமல்போனதற்குக் காரணம், பண்டிகை நாளைச் சரிபார்க்காமல் தேதி குறித்த எழுத்தர்.

இன்ஸ்பெக்டர் வாசித்தார். குரல் தரையில் கிடந்தது. "நான் கேட்டபோது எவ்வளவு வேகமாக இல்லை என்றாய்."

"ஆமாம் துவான்."

"தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்?"

அவர் மை ஊற்றிய பேனாவால் ஓரத்தில் எழுதினார். துப்பாக்கி குறித்த நாளில் காட்டப்பட்டது, ரத்து இல்லை. தோட்டாவோடு வைத்திருந்ததற்காக மூன்று மாதம் துப்பாக்கி பாலாயில் இருக்கும். எழுத்தருக்கு எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. நீங்கள் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. கோப்ரல் அனுப்பிய சேதி கேட்டு, கவுண்டர் திறந்ததும் வேலு துப்பாக்கியை ஒப்படைக்க வந்தார், கூடவே பரிமளக்கா. பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கோயிலுக்குப் போகிறவள் போல வந்திருந்தாள். வேலு துணிச்சுருளைப் பிரித்துத் துப்பாக்கியைக் கவுண்டர்மேல் வைத்தார்.

"ரிப்போர்ட்டுல உன் பேரையும் எழுதினியாமே" என்றாள் அக்கா.

"எழுதினேன்க்கா."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலக்கா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் நேரத்தை வீணாக்காமல் ரசீதுப் புத்தகத்தை இழுத்து, பேனா மூடியைத் திறந்து, எண்ணைப் பார்க்கக் குனிந்தேன்.

பரிமளக்கா கம்பிக்குள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வளையல் சத்தத்துக்கு வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதல்ல இவரைத் திறந்து உள்ள பார்க்கச் சொல்லும்மா. அப்புறம் எழுதலாம்."